விசில் ஊதாத வகுப்பு

பெண்கள் பள்ளி ஒன்றில் பல வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். கோவையில்தான். காலை பிரேயர் முடிந்ததும் மைதானத்தில் வரிசை, விசில், "ஒன், டூ, த்ரீ, ஃபோர்." கோ-கோ டீமை மண்டலப் போட்டிக்குக் கூட்டிப் போவது, சுதந்திர தினத்துக்கு மார்ச் பாஸ்ட், ஸ்போர்ட்ஸ் டே வந்துவிட்டால் வீட்டையே மறந்துவிடுவது. அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி இறக்குவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு உண்டு. ஆனால் அந்த அறுபது பேரில் யாருக்குத் தோள் வலிக்கிறது, யார் மூச்சை அடக்கிக்கொண்டு கையைத் தூக்குகிறாள் என்பதெல்லாம் விசில் ஊதுகிற இடத்திலிருந்து தெரியாது. அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டது பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறையைச் சொல்லிக்கொடுக்கப் படித்தபோதுதான்.

பிலாட்டீஸ் என்ற பெயரைப் பத்திரிகையில் நடிகைகளின் படத்தோடு பார்த்திருக்கிறேன். நமக்கானது இல்லை என்று பக்கத்தைத் திருப்பியும் இருக்கிறேன். நேரில் பார்த்தது, அம்மாவை இடுப்பு வலிக்காக ஒரு பிசியோதெரபி கிளினிக்குக் கூட்டிப் போனபோது. கட்டில் நீளத்துக்கு ஒரு சட்டம், அதன்மேல் சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும் மெத்தை வைத்த பலகை, கால்மாட்டில் ஸ்பிரிங்குகள். ரிஃபார்மர் என்றார்கள். அம்மாவை அதில் மல்லாந்து படுக்க வைத்து, பாதத்தைக் கம்பியில் ஊன்றித் தள்ளச் சொன்னார் அந்த பிசியோ பெண். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே பயப்படுகிற அம்மா, முழங்காலை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி, பத்து முறை செய்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் இதே அசைவுதான். உடம்பின் எடை முழுவதும் முழங்கால் மேல் இறங்கவில்லை, அவ்வளவுதான். "வலிக்கவே இல்லைங்க" என்று அம்மா ஆச்சரியமாகச் சொன்னார்.

எனக்கும் ஒருமுறை படுத்துப் பார்க்க ஆசை வந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு ஒரு பயிற்சி கொடுத்தார். ஸ்பிரிங் குறைந்தால் சுலபமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பல பயிற்சிகளில் அது தலைகீழ். ஸ்பிரிங் குறையக் குறைய பலகை நிற்காமல் ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வயிற்றின் வேலையாகிவிடும். மைதானத்தில் ஆறு ரவுண்டு ஓடுகிற எனக்கு, ஒரு நிமிடத்தில் அடிவயிறு நடுங்கியது. அன்றே முடிவு செய்துவிட்டேன், இதைப் படிக்க வேண்டும் என்று.

இதை உருவாக்கியவரின் கதையை நான் ஒவ்வொரு புது வகுப்பிலும் சொல்வேன். ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில், மன்ஷன்கிளாட்பாக் என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமாவும், ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோயும் அவரைப் படுத்தின. அந்த உடம்பைத் தேற்றத்தான் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று ஒவ்வொன்றாகக் கற்றார். முதல் உலகப்போர் தொடங்கியபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியர் என்பதால் எதிரி நாட்டவர் முகாமில் அடைத்துவிட்டார்கள். கடைசியில் இருந்தது மேன் தீவில் உள்ள நொக்கலோ முகாம். 20,000 பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்த இடம். அங்கே கூட இருந்தவர்களுக்கு அவர் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங்கைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார் என்றும், இன்றைய கருவிகளின் தொடக்கம் அதுதான் என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, கருவியைப் பார்த்தால் கட்டில் ஞாபகம் வரத்தான் செய்கிறது.

1920களின் நடுவில் அவர் அமெரிக்கா போனார். துணைவி கிளாராவோடு நியூயார்க்கில் எட்டாவது அவென்யூவில் ஒரு ஸ்டூடியோ நடத்தினார். பக்கத்திலேயே நடனப் பள்ளிகள் இருந்ததால் அடிபட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஜார்ஜ் பாலன்சீன், மார்த்தா கிரஹாம் போன்ற பெரிய நடன இயக்குநர்களே தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். தன்னுடைய முறைக்கு அவர் வைத்த பெயர் 'கான்ட்ராலஜி'. 1945இல் வந்த அவருடைய புத்தகத்தில் தரையில் செய்யும் 34 பயிற்சிகள் இருக்கின்றன. விரிப்பின் மேல் செய்யும் மேட் வகுப்பு என்று இன்று உலகம் முழுக்க நடப்பதற்கு அடிப்படை அந்த 34தான். 1967இல் அவர் இறந்தார். அவரிடம் நேரடியாகக் கற்றவர்கள் ஆளுக்கொரு விதமாக முறையைக் கொண்டுபோனார்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்து, 2000ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம், யோகா, கராத்தே போல இது பொதுப்பெயர், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. நான் கோவையில் ஒரு மாடி அறையில் வகுப்பு நடத்த முடிவது அதனால்தான். ஆனால் இரண்டு நாள் வொர்க்‌ஷாப் போய்விட்டு வந்து போர்டு மாட்டுகிறவரையும் யாரும் தடுக்க முடியாது. எல்லாக் கருவிகளையும் சேர்த்துப் படிக்கும் முழுமையான கோர்ஸ் என்றால் பொதுவாக 450 மணி நேரம் அளவுக்கு வரும். மேட் மட்டும் என்றால் அதைவிடக் குறைவு. அதில் பாடம் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் நாமே பயிற்சி செய்யும் நேரம், அடுத்தவர் வகுப்பை உட்கார்ந்து கவனிக்கும் நேரம், மேற்பார்வையில் சொல்லிக்கொடுக்கும் நேரம்.

என்னை மாற்றியது அந்தக் கவனிக்கும் நேரம். ஓரமாக ஒரு ஸ்டூலில், கையில் நோட்டு. பேசக் கூடாது, யாரையும் திருத்தக் கூடாது. பழகிய வாய்க்கு அது பெரிய சோதனை. முதலில் கண்ணுக்குப் பயிற்சி மட்டும்தான் தெரிந்தது: காலைத் தூக்குகிறார், இறக்குகிறார். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் டீச்சர், "காலைப் பார்க்காதே, கால் தூக்கும்போது மற்ற இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்" என்றார். அதன்பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. மல்லாந்து படுத்திருக்கும் ஒருவர் வலது காலைத் தூக்குமுன்பே தாடையை இறுக்குகிறார். இன்னொருவருக்குக் கீழ்முதுகு விரிப்பை விட்டு மெல்ல எழும்புகிறது. ஒருவருடைய இடது கைக் கட்டைவிரல் விரிப்பை அழுத்துகிறது. ஒரு அம்மாவுக்கு, கால் மேலே இருக்கிற நேரம் முழுக்க மூச்சே ஓடவில்லை. தூக்கிய கால் எல்லோருக்கும் ஒரே உயரத்தில்தான் இருந்தது. பள்ளியில் என்றால் எல்லோருக்கும் முழு மார்க் போட்டிருப்பேன்.

ஏன் இதெல்லாம் முக்கியம்? கையையோ காலையோ அசைப்பதற்குச் சற்று முன்பே, வயிற்றைச் சுற்றி பெல்ட் அளவில் ஓடும் ஆழமான தசை ஒன்று தானாக இறுகி நடுவுடம்பைத் தயார் செய்கிறது. முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்த இறுக்கம் தாமதமாக வருகிறது என்று 1996இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகு 'கோர்', அதாவது நடுவுடம்பு, என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவி, அந்த ஒரு தசைதான் எல்லா வலிக்கும் காரணம் என்கிற அளவுக்கு மிகைப்படுத்தப்பட்டது. அது சரியில்லை. உதரவிதானம், வயிறு, முதுகை ஒட்டிய சிறு தசைகள், கீழே இடுப்புத்தளம் என்கிற அடிப்பகுதித் தசைகள் எல்லாம் சேர்ந்து, மூச்சோடு ஒத்துப்போய் வேலை செய்ய வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு வயிற்றை மட்டும் இழுத்துப் பிடிப்பவருக்கு அந்தச் சேர்க்கை கிடைக்காது.

அதனால் என் வகுப்பு மூச்சில்தான் தொடங்கும். விலா எலும்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டச் சொல்வேன், முன்னால் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மூக்கால் மூச்சு இழுக்கும்போது துண்டு பக்கவாட்டிலும் முதுகிலும் விரிய வேண்டும், தோள் மேலே ஏறக் கூடாது. விடும்போது விலா எலும்பு உள்ளே இறங்க, அடிவயிறு தானாக உள்வாங்கும். அதைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு முதல் நாள் துண்டு அசையவே அசையாது, கழுத்து நரம்பு மட்டும் புடைக்கும். மெதுவாக வரும். இது வந்த பிறகுதான் 'ஹண்ட்ரட்' என்ற பயிற்சிக்கே போவேன். தலையையும் காலையும் தூக்கியபடி கையை மேலும் கீழும் அடித்துக்கொண்டு, ஐந்து எண்ணிக்கை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணிக்கை விட்டு, பத்துச் சுற்று. மொத்தம் நூறு.

யோகா இருக்கும்போது இது எதுக்குங்க என்று கேட்காத ஆளில்லை. நியாயமான கேள்வி. கீழ்முதுகு வலிக்குப் பிலாட்டீஸ் உதவுமா என்று 10 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பலன் உண்டு. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட இது மேல் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் சாரம். நான் இதை மறைப்பதே இல்லை. யோகா உங்களுக்கு ஒத்துவருகிறதா, விடாமல் செய்யுங்கள். எனக்குப் பிலாட்டீஸில் பிடித்தது, ஒரு நிலையில் நிற்பதைவிட அசைந்துகொண்டே இருப்பது, எண்ணிக்கை குறைவாக இருப்பது, ஒவ்வொரு பயிற்சியையும் ஆளுக்குத் தகுந்தபடி நறுக்கிக் கொடுக்க முடிவது. உடம்பு இளைக்க இதை மட்டும் நம்பி வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: நடையை விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், வயதானவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி தனி. ஒரு மேட் வகுப்பு இது எல்லாவற்றுக்கும் ஈடாகாது.

என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். சுடிதார், நைட்டிமேல் துப்பட்டா, சேலையை மாற்றிக்கொள்ள ஒரு பேன்ட் என்று வருவார்கள். ரிஃபார்மர் என்னிடம் இல்லை. இறக்குமதி செய்தால் லட்சங்களில் போகும். வாடகை அறைக்கு அது கட்டாது. மேட், துண்டு, சிறிய பந்து, சுவர், நாற்காலி. இது போதும். வாரத்தில் மூன்று மணி நேரம்தான் என்னோடு இருக்கிறார்கள். மிச்ச நேரத்தில் அவர்கள் எப்படிக் குனிகிறார்கள், எதைத் தூக்குகிறார்கள், எப்படி உட்கார்ந்து எழுகிறார்கள் என்பதுதான் உடம்பைத் தீர்மானிக்கிறது. ஆகவே என் வகுப்பில் பாதி நேரம் வீட்டு வேலையைப் பற்றித்தான் போகும்.

தண்ணீர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. அதை இடுப்பை முறுக்கியபடி குனிந்து தூக்கி, அப்படியே திரும்பி டிஸ்பென்சரில் கவிழ்ப்பதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். வகுப்பில் இதற்கு மாப் குச்சியை வைத்துத்தான் பழக்குவேன். குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் அது தொட்டிருக்க வேண்டும். அந்த மூன்றும் விலகாமல், தொடை இடுக்கில் மடங்கிக் குனிய வேண்டும். புட்டம் பின்னால் போகும், முட்டி கொஞ்சம் மடங்கும். முதுகு வளைந்தால் குச்சி உடனே காட்டிக்கொடுத்துவிடும். இது கைவந்ததும் காலிக் கேன், அப்புறம் பாதி நிரம்பியது. உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கி, திரும்பும்போது பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும். "தண்ணி போடற பையனையே கவுத்து வெச்சுட்டுப் போகச் சொல்லிட்டா ஆகாதுங்களா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். ஆகும். ஆனால் நாளைக்கு பேரன் ஓடி வந்து தூக்கச் சொன்னாலும் இதே குனிதல்தானே.

டெய்லரிங் செய்கிற ஒரு தங்கை வருகிறாள். நாள் முழுக்க மெஷின்மேல் கவிழ்ந்த கழுத்து. "சாயந்திரம் ஆனா கழுத்து மரத்துப் போவுதுங்க அக்கா" என்றுதான் வந்தாள். தினமும் அரை மணி நேரம் பயிற்சி செய் என்று அவளிடம் சொல்வதில் அர்த்தமில்லை. தீபாவளி நேரத்தில் அவளுக்குச் சாப்பிடவே நேரமிருக்காது. அதனால் வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டோம். ஒரு ஜாக்கெட் முடிந்து ஊக்கு வைக்க எடுத்துப் போடும்போது எழுந்து சுவரில் சாய வேண்டும். குதிகால் சுவரைவிட்டு ஒரு சாண் முன்னால். பின்மண்டை சுவரில். முழங்கையை மடக்கி, கையைச் சுவரோடு ஒட்டி மேலே நகர்த்தி இறக்க வேண்டும், ஐந்து மூச்சு. அதோடு இரவு படுக்குமுன் குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் லேசாக எழுப்பும் 'ஸ்வான்' பயிற்சி. மெஷினின் உயரத்தையும் மாற்றச் சொன்னேன், மெஷினுக்கு அடியில் ஒரு பலகை வைத்திருக்கிறாள். கழுத்து மரத்துப்போவது இப்போது எப்போதாவதுதான் என்கிறாள்.

தரையில் உட்கார்ந்து எழுவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நம் வீடுகளில் டைனிங் டேபிள் வந்தது, சோபா வந்தது, வெஸ்டர்ன் டாய்லெட் வந்தது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் கீழே உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான சுமார் 2,000 பேரை இதில் சோதித்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. தரையில் உட்கார்ந்து எழ 10 மதிப்பெண். கை, முட்டி என்று எதை ஊன்றினாலும் ஒன்று குறையும். மதிப்பெண் மிகவும் குறைந்தவர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் இறந்த விகிதம் அதிகமாக இருந்தது. கீழே உட்காராததால் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை. கால் பலம், மூட்டின் வளைவு, நிதானம், உடல் எடை எல்லாவற்றையும் அந்த ஒரே அசைவு காட்டிவிடுகிறது.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவோடு இதைப் படிப்படியாகச் செய்தேன். முதலில் உயரமான ஸ்டூல், பிறகு மணைப்பலகையை இரண்டாக அடுக்கி, பிறகு ஒன்று. எழும்போது சம்மணத்திலிருந்து ஒரு பக்கம் சாய்ந்து, கையை ஊன்றி முட்டிபோட்டு, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, மூச்சை விட்டு எழுதல். இடையில் இடுப்பைத் தூக்கும் 'பிரிட்ஜ்', பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது என்று புட்டத் தசைக்குப் பயிற்சி. மாதங்கள் ஆயின. இப்போது பூண்டு உரிக்க, கீரை ஆய, தரையில்தான் உட்காருகிறார்.

இதே அம்மாவுக்கு நான் கொடுக்காத பயிற்சிகளும் நிறைய. எலும்பு அடர்த்தி பரிசோதனையில் அவருக்கு ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு, இருப்பது தெரிந்திருந்தது. ஜோசப் பிலாட்டீஸின் 34 பயிற்சிகளில் பல, முதுகை முன்பக்கம் சுருட்டி எழுபவை. பார்க்க அழகு. ஆனால் எலும்பு மெலிந்தவர்களுக்கு அது ஆபத்து. 1984இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 59 பெண்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிதாக நொறுங்கல் ஏற்பட்டிருந்தது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் கோர்ஸில் இதைக் கேட்ட நாளிலிருந்து புதிதாக வருகிற எந்த அம்மாவையும் எலும்பைப் பற்றி விசாரிக்காமல் நான் மேட்டில் படுக்க வைப்பதில்லை.

இன்னொரு விஷயம், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு செருப்பு மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொல்வார்கள். "இருமினா, தும்மினா கசியுதுங்க." எத்தனை பேர் இதை வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாமல், வயதானால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கனத்துப் போகிறது. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் இது சகஜம், ஆனால் பொறுத்துக்கொள்ள வேண்டியது இல்லை. இருமினால் கசிகிற இந்தப் பிரச்சினைக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வதே இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியைத்தான். சிறுநீரை அடக்குவதுபோல மேலிழுத்து, பிறகு முழுசாகத் தளர்த்துவது. தளர்த்துவதும் பாதி வேலை. மகப்பேறு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொல்வேன், அதன்பிறகு மூச்சோடு சேர்த்துப் பழக்குவேன்.

டீச்சராக வேண்டும் என்று என்னிடம் கேட்கும் இளம்பெண்களுக்குச் சொல்வது கொஞ்சம்தான். முதலில் ஒரு வருடமாவது மாணவியாக இருங்கள். வெவ்வேறு டீச்சரிடம் போய்ப் பாருங்கள். கோர்ஸில் சேருமுன் எத்தனை மணி நேரம், கவனிக்கும் நேரம் உண்டா, நேரில் பிராக்டிகல் தேர்வு உண்டா, கர்ப்பிணிகளையும் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்களையும் எப்படிக் கையாளச் சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள். உடற்கூறு பாடத்தைத் தேர்வுக்காகப் படிக்காதீர்கள். ஒருவரைத் தொட்டுத் திருத்துமுன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வருமானம் உடனே வராது. வகுப்புக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் கிடைக்கும், கோடை விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். உங்கள் உடம்பு ஒல்லியாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் பொருட்படுத்தாதீர்கள். அடுத்தவர் உடம்பைப் பொறுமையாகப் பார்க்க முடிகிறதா என்பதுதான் இந்த வேலைக்குத் தேவை.

ஆண்கள்தான் வருவதில்லை. இதை உருவாக்கியவர் ஒரு குத்துச்சண்டைக்காரர், முகாமில் அவரிடம் கற்றவர்களும் ஆண்கள்தான் என்று சொன்னால் வியப்பாகக் கேட்டுவிட்டு, மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே வண்டியில் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். அப்படி உட்கார்ந்திருக்கிற முதுகுகளை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து, அவர்களுக்கென்றே சனிக்கிழமை காலை ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறேன். இதுவரை மூன்று பேர். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு மளிகைக் கடைக்காரர், முன்பு என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார். வாத்தியாருக்கு இன்னும் துண்டு விரியவில்லை. வரும் சனிக்கிழமை அவரை உட்கார வைத்து முயற்சி செய்யப் போகிறேன்.